ஊக்கத்தொகையை மக்கள் என்ன செய்தார்கள்? கணக்குப் போடும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

கொரோனா காலத்தில், 2020-இல், மக்கள் செலவு செய்து பொருளாதாரம் நிமிரட்டும் என்று அமெரிக்க அரசு பெரியவர்களுக்கு ஆளுக்கு 1,200 டாலர் வரை ஊக்கத்தொகை அனுப்பியது. அந்தப் பணம் எங்கே போனது என்று அமெரிக்க மத்திய வங்கியின் கிளையான நியூயார்க் ஃபெடரல் ரிசர்வ் வங்கி மக்களிடம் கேட்டது. 29 சதவீதம் செலவு, 36 சதவீதம் சேமிப்பு, 35 சதவீதம் கடன் அடைப்பு என்று பதில் வந்தது. இதைப் பார்த்ததும் 'திட்டம் தோற்றுப்போனது' என்று தீர்ப்பு எழுதுவது பெரிய தவறு. கடைகளே மூடிக் கிடந்த காலம் அது. கிரெடிட் கார்டு பாக்கியை அடைத்த குடும்பத்துக்கு மாதாமாதம் வட்டி மிச்சம். வேலை போனவர்களுக்கு அந்தச் சேமிப்புதான் அடுத்த மாத வாடகை.

பணம் வந்த மாதத்துச் செலவை முந்தைய மாதத்தோடு ஒப்பிட்டு, கூடியதெல்லாம் ஊக்கத்தொகையால்தான் என்று சொல்வதும் சரியல்ல. பணம் வராவிட்டாலும் சிலர் அதே பொருளை வாங்கியிருப்பார்கள். இதைப் பிரித்தறிய, அமெரிக்க அரசு வரித் தள்ளுபடியாகப் பணம் அனுப்பிய 2001-இல் ஒரு நல்ல வாய்ப்பு கிடைத்தது. எல்லோருக்கும் ஒரே நாளில் காசோலை அனுப்ப முடியாததால், சமூகப் பாதுகாப்பு எண் என்ற அரசு அடையாள எண்ணின் கடைசி இரண்டு இலக்கங்களைப் பார்த்து வாரவாரியாக அனுப்பினார்கள். அந்த இலக்கங்களுக்கும் ஒருவரின் வருமானத்துக்கும் பழக்கத்துக்கும் எந்தத் தொடர்பும் இல்லை. ஆகவே முதலில் வாங்கியவர்களையும் பிறகு வாங்கியவர்களையும் தைரியமாக ஒப்பிடலாம். டேவிட் ஜான்சன், ஜொனாதன் பார்க்கர், நிக்கோலஸ் சூலலஸ் என்ற பொருளாதார ஆய்வாளர்கள் மூவரும் அப்படித்தான் செய்தார்கள். வந்த தொகையில் 20 முதல் 40 சதவீதம் வரை முதல் மூன்று மாதங்களுக்குள் உணவு, உடை போன்ற அன்றாடப் பொருள்களுக்குச் செலவானதாகக் கண்டார்கள். இதையும் வேதவாக்காகக் கொள்ள வேண்டாம். இதே முறையில் 2008-இல் அமெரிக்க அரசு கொடுத்த ஊக்கத்தொகைக்குப் போட்ட கணக்கு, செலவை அதிகமாகக் காட்டிவிட்டது என்று பின்னால் வந்த ஆய்வுகள் காட்டின.

அப்புறம், சராசரி. எனக்கு மிகவும் கவலை தருவது இதுதான். 2020-இல் வங்கிக் கணக்குத் தரவுகளைப் பார்த்தபோது, கையில் இருப்பு குறைவாக இருந்தவர்கள் சில நாள்களிலேயே உணவுக்கும் வாடகைக்கும் பில்களுக்கும் செலவழித்தார்கள். நல்ல இருப்பு வைத்திருந்தவர்களின் செலவு பெரிதாக மாறவில்லை. இரண்டையும் கலந்து ஒரே எண்ணாகச் சொன்னால், பணம் உண்மையில் யாருக்கு உடனே தேவைப்பட்டது என்பதே மறைந்துவிடுகிறது.

ரொக்கத்துக்குப் பதில் கூப்பன் கொடுத்தால் செலவு நிச்சயம் என்ற நம்பிக்கையும் உண்டு. ஜப்பான் 1999-இல், ஆறு மாதத்தில் காலாவதியாகும் 20,000 யென் கூப்பன்களைக் குழந்தைகள் உள்ள குடும்பங்களுக்கும் வசதியற்ற முதியவர்களுக்கும் கொடுத்தது. ஆனால் எப்படியும் வாங்க வேண்டிய அரிசியைக் கூப்பனில் வாங்கினால், அதற்கு ஒதுக்கிய ரொக்கம் கையிலேயே நிற்கும். பயன்படுத்திய கூப்பன்களை எண்ணி, அவ்வளவும் கூடுதல் விற்பனை என்று எழுதிவிடக் கூடாது.