மெக்கர் அளவு குறைவாக வந்தால், கார்டு முனையையும் இணைத்துப் பாருங்கள்

11 கேவி டிரான்ஸ்பார்மரை மெக்கரால் (மின்கசிவைத் தடுக்கும் திறனை மெகா ஓமில் அளக்கும் கருவி) சோதிக்கும்போது இன்சுலேஷன் அளவு குறைவாக வந்தால், உடனே ஆயிலைச் சந்தேகப்பட வேண்டாம். புஷ்ஷிங்கை (கம்பி டேங்குக்குள் நுழையும் இடத்திலுள்ள பீங்கான் காப்பு) உலர்ந்த துணியால் துடைத்து, பீங்கானின் மேல் மடிப்புக்குக் கீழே வெறும் செம்புக் கம்பியை ஒரு சுற்று இறுக்கிச் சுற்றி, மெக்கரின் கார்டு முனையில் (மேற்பரப்புக் கசிவை அளவில் சேராமல் விலக்கும் தனி முனை) இணைத்து மறுபடி அளந்து பாருங்கள். மூன்று எச்.டி. (உயர் மின்னழுத்தப் பக்க) புஷ்ஷிங்குகளிலும் சுற்றி ஒன்றாகச் சேர்க்க வேண்டும். ஒன்றை விட்டாலும் அதன் வழியே கசியும்.

கிருஷ்ணகிரி, பர்கூர் பக்கம் கிரானைட் தூசி பீங்கானில் படிந்துவிடும். மார்கழிப் பனியில் அது நனைந்தால் மேற்பரப்பிலேயே மின்சாரம் கசிந்து டேங்குக்கு ஓடும். உள் இன்சுலேஷன் 1,000 மெகா ஓம் இருந்தாலும், மேற்பரப்பு 100 மெகா ஓம் என்றால் மீட்டர் ஏறக்குறைய 91 தான் காட்டும். கார்டு இணைத்தால் அந்தக் கசிவு மீட்டருக்குள் போகாமல் விலகிவிடுகிறது. நல்ல ஆயிலை வீணாக ஃபில்டர் செய்யும் செலவு மிச்சம்.

கார்டு போட்ட பிறகும் அளவு ஏறவில்லையா? அப்போது ஈரம் உள்ளே, ஆயிலிலோ சுருள்களின் இன்சுலேஷன் காகிதத்திலோ இருக்க வாய்ப்பு அதிகம். இந்த வழி அதற்கு உதவாது. சூடான டிரான்ஸ்பார்மரிலும் அளவு குறைவாகத்தான் வரும். 10 டிகிரி ஏறினால் சுமாராகப் பாதியாகும் என்பதால், பழைய அளவோடு ஒப்பிடும்போது ஆயில் வெப்பநிலையையும் பாருங்கள்.

ஒன்று முக்கியம்: அளக்கும்போது கார்டில் இணைத்த கம்பியிலும் முழு சோதனை வோல்டேஜ் இருக்கும். இரு பக்க சப்ளையையும் துண்டித்து, எர்த் செய்துவிட்டுத்தான் கம்பியைச் சுற்ற வேண்டும், கழற்றும்போதும் அப்படியே.