மெனு போட்டும் மளிகைச் செலவு குறையாதது ஏன்?

புதுக்குடித்தனம் போன அக்கா மகள் போன வாரம் ஒரு படம் அனுப்பியிருந்தாள். ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டிய அட்டவணை. 7 நாள், 3 வேளை, 21 கட்டம், வேளைக்கு ஒரு கலர். கீழே, "சித்தி, மெனு போட ஆரம்பிச்சதுக்கப்புறம் செலவு கூடித்தான் போச்சு. எங்க தப்பு?" என்று கேட்டிருந்தாள். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நான் முதன்முதலில் போட்டதும் அச்சு அசல் இதே அட்டவணைதான். கலர் மட்டும் கிடையாது.

பசியோடு கடைக்குப் போகாதே, லிஸ்ட் இல்லாமல் போகாதே என்பதெல்லாம் எல்லாருக்கும் தெரிந்ததுதான். அதை விட்டுவிடுகிறேன்.

வெற்றுத்தாளில் ஆரம்பிப்பது

"இந்த வாரம் என்ன சாப்பிடலாம்?" என்று யோசித்தால் ஆசைதான் லிஸ்ட் எழுதும். முதலில் ஃப்ரிட்ஜையும் அலமாரியையும் திறந்து, எது கெடப்போகிறது, எது பிரித்துப் பாதியில் நிற்கிறது என்று குறியுங்கள். மெனுவின் முதல் இரண்டு நாளை அதுவே தீர்மானித்துவிடும்.

மீதிப் பாதியை மறப்பது

இதைப் பற்றித்தான் கொஞ்சம் புலம்பப்போகிறேன்.

முதல் மாதம் ரொம்ப ஒழுங்காகக் கணக்கு எழுதினேன். ஒவ்வொரு சமையலுக்கும் பக்கத்தில் அதன் செலவு: கால் முட்டைக்கோஸ் இவ்வளவு, நாலு தண்டு புதினா இவ்வளவு, மூன்று ஸ்பூன் கிரீம் இவ்வளவு. மாதக் கடைசியில் கூட்டினால் கடை பில் அதைப்போல ஒன்றரை மடங்கு. கடைக்காரர் தப்பாகப் போட்டுவிட்டாரோ என்று பில்லை வரிவரியாக டிக் அடித்துப் பார்த்தேன். பில் சரியாகத்தான் இருந்தது.

விடை ஃப்ரிட்ஜின் அடி டிரேயில் கிடந்தது. வெட்டிய பக்கம் கறுத்துப்போன முக்கால் முட்டைக்கோஸ். கிளிப் மாட்டிய கிரீம் பாக்கெட். பிளாஸ்டிக் கவரோடு ஒட்டி, கொழகொழவென்று கறுந்தண்ணீர் விட்ட புதினாக் கட்டு. மேலே தூவ நாலு தண்டு வேண்டும் என்று ஒரு கட்டே வாங்கியிருக்கிறேன். சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் என்பது இதைத்தான்.

கால் முட்டைக்கோஸை யாரும் பில் போடுவதில்லை. நாம் சமைப்பது கால், காசு கொடுப்பது முழுசுக்கு. தினம் இரண்டு புதுச் சமையல் என்று வாரத்துக்கு 14 வகை எழுதினால், 14 பொருள் அரைகுறையாக நிற்கும். "ஒரு தட்டுக்கு இவ்வளவுதான் செலவு" என்று யாராவது கணக்குக் காட்டினால் எனக்கு இன்றைக்கும் எரிச்சல் வரும். மீதி எங்கே போனது என்று அவர்கள் சொல்வதே இல்லை.

இப்போது என் லிஸ்டில் கெடக்கூடிய எந்தப் பொருளுக்கும் எதிரே இரண்டு சமையல் இருக்க வேண்டும். முட்டைக்கோஸ்: செவ்வாய் நூடுல்ஸ், வெள்ளி சூப். இரண்டாவது கிடைக்கவில்லையா, அந்தச் சமையலை அடுத்த வாரத்துக்குத் தள்ளுவேன், அல்லது அந்தப் பொருளை விட்டுவிட்டுச் சமைப்பேன். புதினா தூவாததால் எங்கள் வீட்டில் யாரும் பட்டினி கிடக்கவில்லை. நாள் வரிசையும் முக்கியம். கீரை, தழை வகைகள் வாங்கிய இரண்டு மூன்று நாளுக்குள். கேரட், முட்டைக்கோஸ் வாரக் கடைசிக்குத் தாங்கும். கிரீம் மாதிரிப் பாக்கெட்டுகளில் இன்னொரு கண்ணி இருக்கிறது. காலாவதித் தேதி பிரிக்காத பாக்கெட்டுக்குத்தான். பிரித்தபின் எத்தனை நாள் என்பது வேறோர் ஓரத்தில் பொடி எழுத்தில் இருக்கும்.

ஐ.நா. சுற்றுச்சூழல் திட்டம் 2024-இல் வெளியிட்ட அறிக்கையில், 2022-ஆம் ஆண்டில் உலகம் முழுக்க வீணான உணவு 105 கோடி டன் என்றும், அதில் 60 சதவீதம் வீடுகளிலிருந்து போனது என்றும் இருக்கிறது. வீட்டுக் கணக்கு மட்டும் ஆளுக்கு வருடம் 79 கிலோ. தோல், எலும்பு, கொட்டையும் அதில் சேர்த்திதான். ஆனாலும் படித்தபோது எனக்கு ஞாபகம் வந்தது அந்தப் புதினாக் கட்டு.

ஏழு நாளையும் நிரப்புவது

இரவுச் சாப்பாட்டுக்கு 5 நாள் போதும். ஒருநாள் யாராவது வெளியில் சாப்பிட்டு வருவார்கள், ஒருநாள் உங்களுக்கே முடியாது. எல்லாக் கட்டமும் நிரம்பியிருந்தால் மிஞ்சியதற்கு இடமே இருக்காது. நேற்றைய குழம்பு டப்பாவிலேயே கிடக்க, இன்றைக்குப் புதிதாக ஒன்று அடுப்பில் ஏறும்.

மிஞ்சியதை 2 மணி நேரத்துக்குள் ஃப்ரிட்ஜில் வைத்தால் 3, 4 நாள் வரை சாப்பிடலாம். சோறு மட்டும் விதிவிலக்கு. வெளியில் அதிக நேரம் இருந்த சோற்றில் ஒரு பாக்டீரியா நஞ்சை உண்டாக்கும். திரும்பச் சூடு பண்ணினாலும் அந்த நஞ்சு போகாது. அகலமான தட்டில் பரப்பி ஆறவைத்து, சீக்கிரம் உள்ளே வைத்து, மறுநாளே தீர்த்துவிடுங்கள்.

பெரிய பாக்கெட் லாபம் என்று நம்புவது

கிலோவுக்கு என்ன விலை என்று பாருங்கள். சில நேரம் சின்னதுதான் மலிவு.

ஃப்ரீசரில் பெயர் எழுதாமல் வைப்பது

அது குப்பைத்தொட்டிக்குப் போகும் வழியில் ஓய்வெடுக்கிறது, அவ்வளவுதான்.

வீட்டில் கேட்காமல் எழுதுவது

மெனுவை நான் மட்டும் எழுதிய காலத்தில் பீன்ஸ் எல்லாம் என் மகன் தட்டின் ஓரத்தில் வரிசையாக நிற்கும். இப்போது ஆளுக்கொரு நாள் அவரவர் இஷ்டம். அவன் கேட்பது முட்டையும் உருளைக்கிழங்கும். எங்கள் லிஸ்டிலேயே மலிவான நாள் அதுதான்.

இவ்வளவும் அக்கா மகளுக்கு வாய்ஸ் மெசேஜாக அனுப்பினேன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "சித்தி, எங்க ஃப்ரிட்ஜுல பாதி கிரீம் பாக்கெட் மூணு இருக்கு, என்ன பண்றது?" என்றாள். எந்தத் தேதியில் பிரித்தாய் என்று கேட்டிருக்கிறேன். பதில் இன்னும் வரவில்லை.