முதல் வார்டைத் தேர்ந்தெடுக்கும் முன்

போன வாரம் காட்பாடி ரயில் நிலையத்தில், என்னிடம் செவிலியர் பயிற்சி பெற்ற பெண் ஒருத்தி ஓடிவந்து கையைப் பிடித்துக்கொண்டாள். "மேடம், ஐ.சி.யு.வில் வேலை கிடைத்துவிட்டது!"

"சீனியருடன் எத்தனை வாரம் நிற்க விடுவார்கள்?"

அவளுக்குத் தெரியவில்லை. அந்த வயதில் எனக்கும் தெரியவில்லை. சம்பளத்தையும் விடுதியையும் எல்லோரும் விசாரித்துவிடுகிறார்கள், இதைத்தான் விட்டுவிடுகிறார்கள். முதல் வேலையில் செய்யக்கூடாத தவறுகள் இவை.

பயிற்சிக் காலத்தைக் கேட்காமல் கையெழுத்திடுவது

வெளிநாடு போக உதவும் என்று எல்லோரும் சொன்னதால், படிப்பு முடிந்த கையோடு ஒரு தனியார் மருத்துவமனையின் தீவிர சிகிச்சைப் பிரிவில் சேர்ந்தேன். சீனியர் சிஸ்டர் ஒருவர் பத்து நாள் உடன் நின்றார். பதினோராம் நாள் நைட் டியூட்டி. வென்டிலேட்டரில் இருந்த இருவர் என் பொறுப்பு. ஒருவருக்குச் சளி உறிஞ்சிக்கொண்டிருந்தேன். அதற்குள் மற்றவருக்குப் பம்பு வழியாக ஓடிக்கொண்டிருந்த, ரத்த அழுத்தத்தைத் தாங்கிப்பிடிக்கும் நார்அட்ரீனலின் மருந்தின் சிரிஞ்ச் தீர்ந்துவிட்டது. புதியதைக் கலப்பதற்குள் ரத்த அழுத்தம் 60-க்கு இறங்கியது. அந்த மருந்தின் வேலை நின்றுபோகச் சில நிமிடங்களே போதும். தீருவதற்கு வெகு முன்பே அடுத்த சிரிஞ்சை இரண்டாவது பம்பில் ஏற்றி வைக்க வேண்டும் என்று எனக்கு யாரும் காட்டித் தந்திருக்கவில்லை. பக்கத்துப் படுக்கையைப் பார்த்துக்கொண்டிருந்த சிஸ்டர் ஓடிவந்ததால் நோயாளி பிழைத்தார்.

நான்காம் மாதம் விலகினேன். ஒப்பந்தத்தை முறித்ததற்கான பணத்தைக் கட்டி, மருத்துவமனை வாங்கி வைத்திருந்த அசல் சான்றிதழ்களை மீட்க அம்மாவின் வளையல்கள் அடகுக்குப் போயின.

'தனியே விட்டால்தான் தைரியம் வரும்' என்று சொல்பவர்களைக் கண்டால் இன்றும் எனக்குக் கோபம் வருகிறது. நோயாளியின் உயிரை வைத்தா தைரியம் பழகுவது?

நேர்காணலிலேயே கேளுங்கள். தனிப் பொறுப்பு எத்தனையாவது வாரத்தில்? கற்றுத்தருபவர் ஒருவரா, நாளுக்கொருவரா? இரவில் ஒரு செவிலியருக்கு எத்தனை வென்டிலேட்டர் நோயாளிகள்? 'சேர்ந்த பிறகு பார்த்துக்கொள்ளலாம்' என்று பதில் வந்தால் அந்தப் பிரிவு வேண்டாம்.

பொது வார்டைக் குறைவாக நினைப்பது

சர்க்கரை, ஈரல், சிறுநீரகம் என்று எல்லா நோயும் ஒரே வரிசையில் படுத்திருக்கும் இடம் அது. யாரிடம் முதலில் போக வேண்டும் என்று கண் அங்கேதான் பழகுகிறது. ரத்த அழுத்தம் விழும் முன்பே மூச்சு வேகமெடுப்பதை நான் அங்கேதான் கவனிக்கக் கற்றேன்.

மொழியை மறப்பது

வேலூருக்கு வங்காளத்திலிருந்தும் ஜார்க்கண்டிலிருந்தும் நோயாளிகள் வருகிறார்கள். 'எங்கே வலிக்கிறது?' என்று அவர்கள் மொழியில் கேட்கப் பழகுங்கள்.

தோழிக்காகச் சேர்வது

டியூட்டி பட்டியல் ஒரே வாரத்தில் பிரித்துவிடும்.

அசல் சான்றிதழை ஒப்படைப்பது

காட்டுங்கள். நகலைக் கொடுங்கள். அசலை அன்றே வீட்டுக்கு எடுத்து வாருங்கள்.