பூட்டை இழுத்துப் பார்ப்பது எப்படி நின்றது

பூட்டை இழுத்துப் பார்த்துவிட்டுத் தெருமுனை வரை போவேன். சந்தேகம் வரும், திரும்பி வந்து மறுபடி இழுப்பேன். விரல் சிவந்துவிடும். மனநல மருத்துவர் இது ஓசிடி என்றார்; வேண்டாத சந்தேகம் திரும்பத் திரும்ப வந்து, ஒரே செயலை மறுபடி மறுபடி செய்யவைக்கும் மனநலக் கோளாறு. செர்ட்ரலின் என்ற மாத்திரை எழுதிக்கொடுத்து, பலன் தெரிய 8 முதல் 12 வாரம் ஆகலாம், நாமாக நிறுத்தக் கூடாது என்றார்.

என்னை மீட்டது ஈஆர்பி பயிற்சிதான்; பயத்தை எதிர்கொண்டு, சரிபார்க்காமல் இருக்கப் பழகுவது. 1966ல் விக்டர் மேயர் என்ற உளவியலாளர் எழுதிய முறையிலிருந்து வளர்ந்தது. ஒருமுறை பூட்டிவிட்டு நடந்துவிட வேண்டும். நெஞ்சு படபடக்கும், படபடக்கட்டும் என்று விட வேண்டும். சரிபார்க்காமலே பயம் இறங்கும் என்பதை மூளை அப்படித்தான் கற்கிறது.

“பூட்டினேன்தானே?” என்று மனைவியிடம் கேட்பதும் சரிபார்ப்புதானாம்! அவள் பதில் சொல்வதை நிறுத்தினாள். அதுதான் எங்கள் இருவருக்குமே ரொம்பக் கஷ்டம். அப்புறம் மெல்ல மெல்லக் கேள்வியே குறைந்தது. சந்தேகம் இன்னும் எட்டிப் பார்க்கும்; நான் பஸ் ஏறிவிடுகிறேன்.