பிச்சோ: ஸ்பானிஷ் 'பூச்சி'யைக் கடி வாங்காமல் பிடிப்பது எப்படி?

ஸ்பானிஷ் படிக்க ஆரம்பித்தால் சீக்கிரமே 'பிச்சோ' வந்து நிற்கும். செயலிகள் அதற்குப் 'பூச்சி' என்று ஒரே அர்த்தம் போட்டுவிட்டு அடுத்த பாடத்துக்குப் போய்விடுகின்றன. அந்த ஒரு அர்த்தத்தை வைத்துக்கொண்டு ஸ்பெயின்காரர்கள் பேசுவதைக் கேட்டால் பாதி விளங்காது, போர்ட்டோ ரிக்கோவில் வாயைத் திறந்தால் பக்கத்தில் இருப்பவர்கள் சிரிப்பார்கள். நான் இந்தச் சொல்லைப் படித்த வரிசையைத் தருகிறேன், ஆண்பால் பெண்பால், பெயருக்கு முன்னால் வரும் 'உன்' (ஒரு), 'எல்' (அந்த) எல்லாம் உங்களுக்குத் தெரியும் என்றே வைத்துக்கொள்கிறேன்.

படி 1: உச்சரிப்பு

முதல் எழுத்து 'பஸ்'ஸில் வரும் ப, 'பல்'லில் வரும் ப அல்ல. தமிழ் எழுத்தில் வித்தியாசம் தெரியாது என்பதால் ஒரு குறுக்கு வழி: தனியாகப் பழகாமல் 'உன் பிச்சோ' என்று சேர்த்தே பழகுங்கள். பேச்சில் அது 'உம்பிச்சோ' ஆகிவிடும், அப்புறம் கம்பி, தும்பி மாதிரி ப தானாகவே சரியாக விழும்.

படி 2: பெயர் தெரியாத ஜந்து

அடிப்படைப் பொருள் இதுதான். என்னவென்று தெரியாத, அல்லது தெரிந்துகொள்ள அக்கறை இல்லாத சின்ன உயிர் எதுவும் பிச்சோ. சமையலறையில் ஏதோ ஊர்கிறதா? 'ஆய் உம்பிச்சோ', அதாவது 'ஏதோ பூச்சி இருக்கு'. அர்ஜென்டினாவில் மின்மினி 'பிச்சோ தே லூஸ்', தொட்டால் உருண்டையாகச் சுருண்டுகொள்ளும் பூச்சி 'பிச்சோ போலீத்தா'. சின்னதாகத்தான் இருக்க வேண்டும் என்றும் இல்லை, காளைச் சண்டை பற்றி எழுதுகிறவர்கள் அந்தக் காளையையே பிச்சோ என்பார்கள். 2020இல் ஸ்பெயினில் 'எல் பிச்சோ' என்றால் கொரோனா.

படி 3: மனிதர்கள் மேல் ஏறும்போது

இங்கே பக்கத்தில் நிற்கும் சொல்லைப் பாருங்கள். 'பிச்சோ ராரோ' ஒரு மாதிரியான ஆள், யாரோடும் ஒட்டாதவர். 'மல் பிச்சோ' கெட்ட எண்ணம் உள்ளவர். எதுவும் ஒட்டாமல் ஒரு குழந்தையைப் பார்த்து 'எஸ் உம்பிச்சோ' என்றால் பெரும்பாலும் 'சரியான வாலு' என்ற செல்லம்தான், குரலில் தெரிந்துவிடும். 'கே பிச்சோ தே ஆ பிகாதோ?' என்பதற்கு 'எந்தப் பூச்சி கடித்தது?' என்று பதவுரை எழுதிக்கொள்ளாதீர்கள், 'இப்ப உனக்கு என்ன வந்துச்சு?' என்று கேட்கும் இடத்தில் அதைச் சொல்வார்கள். 'தோதோ பிச்சோ பிபியெந்தே' நம் 'ஈ காக்கை விடாமல்'. எனக்கு மிகவும் பிடித்தது அதுதான், விருந்துக்கு எல்லாரையும் கூப்பிட்டுவிட்டுப் புலம்பும்போது கச்சிதமாகப் பொருந்தும்.

படி 4: எந்த நாடு?

எல்லாரும் தாண்டிக் குதிக்கும் படி இதுதான், ஆனால் நேரம் செலவழிக்க வேண்டியதும் இங்கேதான். போர்ட்டோ ரிக்கோவில் பிச்சோ ஆண்குறிக்கான கொச்சைச் சொல். கொச்சை என்றால் நல்ல கொச்சை, பெரியவர்கள் முன்னால் வாயில் வரக் கூடாது. அங்கே பூச்சிக்கு 'இன்செக்தோ' என்று சொல்லிவிட்டுப் போங்கள். நியூயார்க்கிலும் ஃபுளோரிடாவிலும் போர்ட்டோ ரிக்கோ மக்கள் நிறைய இருப்பதால் அங்கேயும் இதே எச்சரிக்கைதான். எல் சால்வடோரிலோ பிச்சோ என்றால் பையன், பிச்சா என்றால் பெண்பிள்ளை, யாரும் முகம் சுளிக்க மாட்டார்கள். அதே ஊரில் பையனுக்கு இன்னொரு சொல் 'சிபோத்தே', அதை ஸ்பெயினில் சொன்னால் போர்ட்டோ ரிக்கோ கதையேதான்.

இதைச் சரிபார்க்க மொழிபெயர்ப்புக் கருவிகள் உதவாது, அவை நாட்டைக் கேட்பதே இல்லை. ஸ்பானிஷ் மொழிக் கழகத்தின் அகராதி இணையத்தில் இலவசம், முதலில் அதைப் பாருங்கள். அப்புறம் 2010இல் வந்த அமெரிக்க ஸ்பானிஷ் அகராதி, அதுவும் இலவசம். அதில் ஒரு பொறி உண்டு. ஒவ்வொரு பொருளுக்கும் முன்னால் நாட்டின் சுருக்கெழுத்து இருக்கும், அங்கே 'ஈ எஸ்' என்று கண்டால் எஸ்பான்யா, அதாவது ஸ்பெயின், என்று மனசு உடனே படித்துவிடும். அது எல் சால்வடோர். அந்த அகராதி அமெரிக்கக் கண்டத்துச் சொற்களுக்கானது, ஸ்பெயினுக்கு அதில் சுருக்கெழுத்தே தேவையில்லை.

படி 5: அட்டை எழுதுவது

சொற்களை அட்டைகளில் எழுதி மனப்பாடம் செய்ய நான் 'அங்கி' (Anki) என்ற செயலி தவிர வேறு எதையும் பரிந்துரைப்பதில்லை. ஒரு பக்கம் சொல், மறு பக்கம் பொருள் என்று போட்டால் இந்தச் சொல்லுக்கு வேலைக்காகாது. முழு வாக்கியமும் மூலையில் நாட்டின் பெயரும், அவ்வளவுதான்.

பின்சேர்க்கை: ரொனால்டோவை ஏன் 'எல் பிச்சோ' என்கிறார்கள் என்று கேட்டிருந்தீர்கள். ஸ்பெயின் வழக்கில் அது அசுரன் என்கிற பாராட்டு. போர்ட்டோ ரிக்கோக்காரர்களுக்கு அது எப்படிக் கேட்கும் என்று நான் விளக்க வேண்டியதில்லை.

இன்னொரு பின்சேர்க்கை: தெற்கு ஸ்பெயினின் ஆந்தலூசியாவில் 'லா பிச்சா' என்றால் பாம்பு என்று ஒரு வாசகர் எழுதியிருக்கிறார், சரிதான். பாம்பின் பெயரைச் சொன்னால் ஆகாது என்று சொல்லை மாற்றுகிறார்கள். நம் ஊரில் ராத்திரியில் பாம்பைப் 'பூச்சி' என்பதும் இதே கணக்கு. 'மென்தார் லா பிச்சா' என்றால் எடுக்கக் கூடாத பேச்சை எடுப்பது. ஆனால் மத்ரித் தேசியத் தொல்லியல் அருங்காட்சியகத்தில் 'பிச்சா தே பலசோதே' என்ற சிலையைத் தேடிப் போகிறவர்கள் பாம்பைத் தேட வேண்டாம், அது மனிதத் தலையும் காளை உடம்புமாகப் படுத்திருக்கும் பழைய ஐபீரியச் சிற்பம்.