புரதம் செய்யாத ஆர்.என்.ஏ.வும் புற்றுநோயும்: வழுக்கும் இடங்கள்

புரதம் செய்யாத ஆர்.என்.ஏ. பற்றிப் படிப்பவர்கள் வழுக்கும் இடங்கள் சில உண்டு. புரதக் குறிப்பு இல்லாத பகுதிகளுக்கு வைத்த ‘குப்பை டி.என்.ஏ.’ என்ற பழைய பெயரை இன்னும் விடாமல் பிடித்துக்கொண்டிருப்பதுதான் முதல் தவறு. நம் டி.என்.ஏ.வில் புரதத்துக்கான குறிப்பு இருப்பது 2 சதவீதத்துக்கும் குறைவான பகுதியில்தான். மற்ற பகுதியிலிருந்தும் ஏராளமான ஆர்.என்.ஏ. (டி.என்.ஏ.வைப் பார்த்து செல் எடுக்கும் படி) உருவாகிறது. அதற்காக, அத்தனைக்கும் ஒரு வேலை இருக்கிறது என்று மறுபக்கம் சாய்ந்துவிட வேண்டாம். பாதி வெறும் இரைச்சலாகவும் இருக்கலாம்.

‘புரதம் கெட்டால்தான் புற்றுநோய்’ என்று நினைத்தே பலர் ஏமாந்தார்கள். ஒருவகை நாள்பட்ட ரத்தப் புற்றுநோயில், பாதிக்கும் மேற்பட்டோரிடம் 13ஆம் குரோமோசோமின் ஒரே பகுதி தொலைந்திருக்கும். அங்கே புரத மரபணுவைத் தேடித் தேடி அலுத்ததுதான் மிச்சம். 2002இல் புற்றுநோய் ஆய்வாளர் கார்லோ குரோச்சேயின் குழு, அந்த இடத்தில் மிர்-15, மிர்-16 என்ற இரண்டு மைக்ரோ ஆர்.என்.ஏ.க்களை, அதாவது புரதம் செய்யாத மிகக் குட்டி ஆர்.என்.ஏ.க்களைக் காட்டியது. ஒவ்வொன்றும் இருபத்திரண்டு மரபணு எழுத்து நீளம்தான். செல்லைச் சாகவிடாமல் தடுக்கும் பிசிஎல்2 புரதத்தை இவை அடக்கிவைக்கின்றன. இவை போய்விட்டால், சாக வேண்டிய செல் சாவதில்லை.

அப்புறம், ‘இது நல்லது, அது கெட்டது’ என்று முத்திரை குத்துவது. மாலாட்1 என்ற நீளமான ஆர்.என்.ஏ. 2003இல் பரவும் நுரையீரல் புற்றுநோயில் கண்டறியப்பட்டது. உடனே வில்லன் ஆக்கிவிட்டார்கள். ஆனால் அது இல்லாமலே எலிகள் நன்றாக வளர்ந்தன. 2018இல் வெளியான ஓர் ஆய்விலோ, அதைச் செயலிழக்கச் செய்த எலிகளில் மார்பகப் புற்றுநோய் கூடுதலாகவே பரவியது. முந்தைய சில ஆய்வுகள் நேர்மாறாகச் சொல்லியிருந்தன. எந்தச் செல்லில், எந்த முறையில் நீக்கினார்கள் என்று பார்க்காமல் முடிவை மட்டும் படிப்பது ஆபத்து.

கட்டியில் ஓர் ஆர்.என்.ஏ. கூடியிருந்தால் அதுவே காரணம் என்பதும் அவசர முடிவுதான். அது நோயின் விளைவாகவும் இருக்கலாம்.

ரத்தத்தில் உள்ள ஆர்.என்.ஏ.வை வைத்துப் புற்றுநோயைக் கண்டுபிடிக்கும் பரிசோதனைக் கட்டுரைகளில் நான் முதலில் தேடுவது ஒன்றைத்தான்: பிளாஸ்மா (செல்களை நீக்கிய ரத்தத் திரவம்) மாதிரி இளஞ்சிவப்பாக இருந்ததா? ரத்தம் எடுக்கும்போது சிவப்பணுக்கள் உடைந்தால், அவற்றில் நிறைந்திருக்கும் மிர்-451, மிர்-16 பிளாஸ்மாவில் கொட்டிவிடும். நோயே இல்லாதவருக்கும் அளவு எகிறும். இதைச் சரிபார்க்காமல் ‘புற்றுநோய்க்குப் புது அடையாளம்’ என்று எழுதியிருந்தால் நம்பாதீர்கள்.

சரி, மருந்து? கட்டியை அடக்கும் மைக்ரோ ஆர்.என்.ஏ.வான மிர்-34இன் செயற்கை நகலை நோயாளிகளின் உடலில் செலுத்திய முதல் சோதனை, நோயெதிர்ப்பு தொடர்பான கடும் பக்கவிளைவுகளால் 2016இல் நிறுத்தப்பட்டது. ஆய்வகத் தட்டில் கட்டி செல் செத்ததைக் காட்டி ‘மருந்து ரெடி’ என்பவர்களிடம் இதைச் சொல்லுங்கள்.