பழைய காரில் காற்றுச் சத்தமும் ஏசிக் கோளாறும்: காசைக் கொட்டமுன் காற்றின் வழியைப் பிடியுங்கள்

2020 முதல் 2025 வரை வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டிருந்ததால், கொழும்பில் பலர் இருபது வயதுக் கார்களைத் திருத்தித் திருத்தி ஓடுகிறார்கள். அவற்றில் இரண்டு முறைப்பாடுகள் ஓயாமல் வரும். எண்பதைத் தாண்டினால் காதோரம் ஊளைச் சத்தம். ஏசி போட்டால் காற்று இருக்கிறது குளிர் இல்லை, அல்லது குளிர் இருக்கிறது காற்று இல்லை. "நாலு கதவு றப்பரையும் மாத்துவம், காஸ் அடிப்பம்" என்பதுதான் கராஜில் முதல் பேச்சு. பார்க்காமல் செய்தால் இரண்டும் வீண். காற்று எங்கே நுழைகிறது, எங்கே வெளியேறுகிறது என்று முதலில் பிடியுங்கள். ஒரு மாஸ்கிங் டேப்பும் ஏதாவது ஒரு பண நோட்டும் இருந்தால் பாதி வேலை முடிந்தது.

முதலில், அது காற்றுச் சத்தம்தானா? ஸ்டியரிங்கை லேசாக இடம் வலம் திருப்பும்போது உறுமல் கூடிக் குறைந்தால் வீல் பெயாரிங். தார் மாறும் இடத்தில் சத்தமும் மாறினால் டயர். அக்சிலரேட்டரை விட்டதும் அடங்கினால் எஞ்சின் பக்கம். வேகத்தோடு ஏறி, பக்கக் காற்று அடிக்கும்போதோ லொறி கடக்கும்போதோ தொனி மாறினால் அது காற்று. மெல்லிய விசில் என்றால் சின்ன இடைவெளி, அகலமான இரைச்சல் என்றால் கதவே சரியாக ஒட்டவில்லை, படபடப்பு என்றால் ஏதோ பிளாஸ்டிக் கழன்றிருக்கிறது.

அதே ஓட்டத்தில் இன்னொன்றையும் பாருங்கள். ஏசியின் உட்காற்றுச் சுவிட்சை (வெளிக்காற்றை மறித்து உள்ளே இருக்கும் காற்றையே சுழற்றுவது) மாற்றி மாற்றிப் போடுங்கள். சத்தம் மாறினால், அது கதவால் வரவில்லை. வைப்பருக்குக் கீழே உள்ள காற்று வாயால் வருகிறது. சுவிட்சைப் போட்டும் எந்த மாற்றமும் இல்லை, முன்னால் போகும் பஸ்ஸின் புகை மணம் உள்ளே வருகிறது என்றால், உள்ளே இருக்கும் தடுப்புத் தட்டு பாதியில் சிக்கியிருக்கிறது. சத்தத்துக்கும் குளிர் குறைவுக்கும் ஒரே காரணம் இப்படித்தான் அகப்படும். கிளவ் பொக்ஸைக் கழற்றி, சுவிட்சைப் போடும்போது பிளோவருக்கு (ஏசி விசிறிக்கு) மேலே உள்ள தட்டு முழுதாகத் திரும்புகிறதா என்று டோர்ச் அடித்துப் பாருங்கள்.

கதவுப் பக்கம்தான் என்றால் டேப் சோதனை. வாகன நெரிசல் இல்லாத வீதியில்லாமல் இது சரிவராது. கட்டுநாயக்க அதிவேகப் பாதை நல்லது: 25.8 கிலோமீற்றர், வேக எல்லை 100, இடையில் கெரவலப்பிட்டி, ஜா-எல வெளியேற்றங்கள். சத்தம் வரும் பக்கத்தில் கதவு இடைவெளி, சைட் மிரர் அடி, முன்கண்ணாடி ஓரம், கதவு மேலுள்ள மழைத் தடுப்பின் விளிம்பு எல்லாவற்றையும் ஒட்டுங்கள். மாஸ்கிங் டேப் மட்டும்தான். அவசரத்தில் கதவைத் தள்ளினால் கிழியும். சத்தம் நின்றதா? இனி ஒவ்வொரு வெளியேற்றத்திலும் இறங்கி ஒரு இடத்து டேப்பை உரித்துவிட்டு மறுபடி ஓடுங்கள். அதிவேகப் பாதையின் ஓரத்தில் நிறுத்தி உரிக்கக்கூடாது. சத்தம் எந்த டேப்போடு திரும்புகிறதோ அங்கேதான் ஓட்டை. அன்றைக்கே எல்லாவற்றையும் உரித்துவிடுங்கள். நம் வெயிலில் இரண்டு நாள் விட்டால் பசை பெயின்ற்றில் பிடித்துவிடும்.

மிரர் அடி என்றால், உள்பக்கத்து முக்கோண மூடியைக் கழற்றினால் இற்றுப்போன பஞ்சு இருக்கும். தண்ணீர் உறிஞ்சாத மூடுபஞ்சு (closed-cell foam) வெட்டி ஒட்டினால் போதும். மழைத் தடுப்பின் பின்நுனி தூக்கியிருந்தால் இரட்டைப் பக்க டேப். முன்கண்ணாடி எப்போதாவது மாற்றப்பட்டிருந்தால் அதன் ஓர றப்பரைச் சந்தேகியுங்கள். மழைக்குத் தண்ணீரும் கசிந்தால் கண்ணாடியைத் திரும்ப ஒட்டத்தான் வேண்டும்.

கதவு என்றால் நோட்டை றப்பருக்கும் கதவுக்கும் நடுவே வைத்து மூடி இழுங்கள். இறுகி வர வேண்டும். சுற்றிவர ஒரு சாண் விட்டு ஒரு சாண் இழுங்கள். ஒரே இடத்தில் வழுக்கி வந்தால் அந்த இடத்து றப்பர் தட்டையாகிவிட்டது. மேல் பாதி முழுவதும் வழுக்கினால் றப்பரைக் குறை சொல்ல வேண்டாம். கதவு பூட்டிக்கொள்ளும் லாட வடிவக் கொளுக்கியைப் பாருங்கள். அதைச் சுற்றிப் பென்சிலால் கோடு போட்டு, ஸ்குறூக்களைத் தளர்த்தி, 1 மில்லிமீற்றர் உள்ளே தள்ளி இறுக்குங்கள். அதற்கு மேல் தள்ளினால் கதவை அறைந்து சாத்த வேண்டிவரும்.

றப்பர் மாற்றத்தான் வேண்டுமென்றால் கொழும்பில் பழைய உதிரிப்பாகம் விற்கும் பஞ்சிகாவத்தையில், கழற்றிய அசல் றப்பரை எடுங்கள். பெருவிரலால் அமத்திவிட்டால் உடனே எழும்ப வேண்டும். மலிவான புதியது பல நேரம் விறைப்பாக இருந்து கதவையே வெளியே தள்ளும். சிலிக்கன் ஸ்பிறே பூசலாம். கிறீஸ் பூசினால் றப்பர் ஊதிப் பழுதாகும்.

இனி ஏசி. விசிறி கடைசி வேகத்தில் மட்டும் வேலை செய்தால் விசிறியின் வேகத்தைக் குறைக்கும் பிளோவர் ரெசிஸ்டர் எரிந்திருக்கிறது. கடைசி வேகத்துக்கு மின்சாரம் அதன் வழியே போவதில்லை. புதியது போட்டு அதுவும் எரிந்தால், மோட்டார் இறுகி அதிக மின்சாரம் இழுக்கிறது.

முதல் அரை மணி நேரம் நன்றாக வந்து பிறகு காற்று மெலிந்து மெலிந்து நின்றால், கூலிங் கொயில் பனிக்கட்டி பிடிக்கிறது. விசிறியை விட்டு ஏசியை மட்டும் 10 நிமிடம் நிறுத்துங்கள். காற்று திரும்பி வந்தால் அதுதான். வெப்பநிலை அளக்கும் சென்சரையும் ஏசிக் காற்றை வடிக்கும் பில்டரையும் பார்க்க வேண்டும். தொடக்கத்திலிருந்தே காற்று குறைவென்றால் அடைப்பு. சில பழைய கார்களில் பில்டரே கிடையாது; அவற்றில் இருபது வருடத் தூசியும் கொயிலில்தான் கம்பளிபோலப் படிந்திருக்கும்.

டாஷ்போர்ட்டில் கறுப்புத் தூள் விழுகிறதா? விரலால் தொட்டால் பிசுபிசுத்து மசியும். உள்ளே சூடு, குளிர் பிரிக்கும் தட்டில் ஒட்டிய பஞ்சு உதிர்கிறது என்று அர்த்தம். பஞ்சு போனால் தட்டு முழுதாக மூடாது. ஹீட்டரின் சூடு குளிரோடு கலக்கும். காஸ் எவ்வளவு அடித்தும் பயனில்லாத கார்களில் இதையும் பாருங்கள். உறுதிப்படுத்த, எஞ்சின் ஆறியிருக்கும்போது ஹீட்டருக்குப் போகும் ஹோஸை, அதைக் காயப்படுத்தாத கிளாம்பால் மூடிவிட்டு ஓடுங்கள். குளிர் கூடினால் காஸில் குறையில்லை. தட்டைச் சரிசெய்ய டாஷ்போர்ட் கழற்ற வேண்டும். எயார்பேக் உள்ள காரில் பற்றரி நெகற்றிவ்வைக் கழற்றிச் சில நிமிடம் கழித்தே கை வைக்க வேண்டும்.

இடப்பக்கக் கால் விரிப்பு ஈரமா? நம் ஈரக் காற்றில் ஏசி ஓடும் காருக்குக் கீழே தண்ணீர் சொட்டியே ஆக வேண்டும். சொட்டாவிட்டால் வடிகுழாய் அடைத்திருக்கிறது. கீழிருந்து மெதுவாகக் காற்று அடியுங்கள். கம்பி விட்டால் கொயில் ஓட்டையாகும்.